ஹெச்பிவி 16 என்றால் எந்த 16?

தென்றல்07 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போனவள், எழுதுவது இதுதான் முதல் தடவை. என் அக்காவுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனையில் “ஹெச்பிவி 16 பாசிட்டிவ்” என்று வந்திருக்கிறது. ஹெச்பிவி என்றால் கருப்பைவாய்ப் புற்றுநோயோடு தொடர்புள்ள வைரஸாம். பாப் ஸ்மியரில் (கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்ப்பது) பெரிதாக ஒன்றும் இல்லை. கால்போஸ்கோப்பி (கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) செய்யச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எதிர்க்கேள்வி கேட்க இடமே தரவில்லை.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடியதில் குழப்பம்தான் மிச்சம். 16 என்பது ஒரே வைரஸ் இல்லையாம். அதற்குள்ளேயே ஏ, பி, சி, டி என்று கிளைகள், அப்புறம் ஏ1, டி2 என்று உட்கிளைகள். அதில் சில மற்றவற்றைவிட மோசமாம். அக்கா ரிப்போர்ட்டில் வெறும் 16 என்றுதான் இருக்கிறது. எந்த 16 என்று கேட்டு வாங்க வேண்டுமா? இன்னொன்று: இது இப்படி மாறிக்கொண்டே போனால், என் மகளுக்குப் போட்ட தடுப்பூசி நாளைக்கு வேலை செய்யுமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

வைரஸ் என்றாலே மாறுவதுதான் அதன் பிழைப்பு. கொரோனாவில் பார்த்தோமே, ஊசி கண்டுபிடித்து முடிப்பதற்குள் அது வேறு வேஷம் போட்டுவிட்டது. புற்றுநோய் வைரஸும் மாறி மாறித்தான் வீரியமாகிறது. புதுத் திரிபு என்றாலே பழையதைவிடக் கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பத்து வருடத்தில் புது ஊசி தேவைப்படும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்குழாய் எழுதியது:

எழுதி வைத்துக்கொண்டேன் பிள்ளைவாள், நாளைக்குக் காட்டுகிறேன். வைரஸ் மரபணு வரிசை படிக்கிற வேலையில் பல வருடம் இருந்தவன் என்கிற தைரியத்தில் சொல்கிறேன்: மேலே எழுதியதில் “மாறி மாறித்தான் வீரியமாகிறது” என்பதுதான் தவறு. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தென்றலின் கேள்வி.

ஹெச்பிவியில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இரண்டு வைரஸ்களின் எல்1 மரபணு (வைரஸின் வெளி ஓட்டுப் புரதத்துக்கானது) 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால்தான் அவை தனித்தனி வகை, தனித்தனி எண். 16, 18 என்பது அப்படி வந்தவை. இந்த 200ல் மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதியாகச் சொல்லப்படுபவை 12தான். அதிலும் 16, 18 இரண்டு மட்டுமே கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குப் பொறுப்பு. ஆக, வேறுபாட்டில் பெரிய வேறுபாடு இந்த எண்தான். அது ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது.

ஏ, பி, சி, டி என்பது அதற்கு ஒரு படி கீழே. முழு மரபணுத் தொகுதியில் 1 முதல் 10 சதவீதம் வரை வித்தியாசம் இருந்தால் கிளை. 0.5 முதல் 1 சதவீதம் என்றால் உட்கிளை. டி2, டி3 உட்கிளைகளில் ஆபத்து கூடுதல், குறிப்பாகச் சுரப்பி செல்களில் தொடங்கும் அடினோகார்சினோமாவுக்கு. நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் இன்றைக்குச் சிகிச்சையை இந்த உட்கிளையைப் பார்த்து யாரும் தீர்மானிப்பதில்லை. எந்த 16 ஆக இருந்தாலும் அடுத்த படி கால்போஸ்கோப்பிதான். அந்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாமல் செய்துவிடுங்கள். சீட்டைத் திணித்து அனுப்பிய விதம் தப்பு, சீட்டில் எழுதியது தப்பில்லை. தொற்று வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும், அதையும் அக்காவிடம் சொல்லுங்கள்.

இனி வேகம். கொரோனா ஆர்என்ஏ வைரஸ், தன் நகலைத் தானே எடுக்கும். ஹெச்பிவி டிஎன்ஏ வைரஸ். நகலெடுக்கும் இயந்திரம் அதனிடம் கிடையாது, நம் செல்லின் இயந்திரத்தைக் கடன் வாங்குகிறது. நம் இயந்திரமோ எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்திவிட்டுத்தான் நகரும். கணக்கு உங்களுக்குப் பிடிக்கும் என்பதால்: ஹெச்பிவி 16இன் மரபணுத் தொகுதி சுமார் 7,900 எழுத்து (டிஎன்ஏவின் ஏ, சி, ஜி, டி (T) என்ற நான்கு எழுத்துகள்; கிளைப் பெயர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஓர் எழுத்து ஓர் ஆண்டில் நிலையாக மாற வாய்ப்பு 10 கோடியில் 2 என்ற அளவு. அதாவது ஒரு வம்சத்தில் ஓர் எழுத்து மாறிப் பதிய ஆயிரக்கணக்கான வருடம். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி சுமார் 9,600 எழுத்து உள்ள ஆர்என்ஏ வைரஸ், அதில் வருடத்துக்குப் பத்து எழுத்து சாதாரணம். அதற்கு இன்னும் தடுப்பூசி இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

16இன் கிளைகள் பிரிந்தது நவீன மனிதர் உலகெங்கும் பரவிய காலத்தை ஒட்டியோ, அதற்கும் முன்போ. ஏ கிளை நியாண்டர்தால்களிடமிருந்து நமக்கு வந்திருக்கலாம் என்று வாதிடுபவர்கள்கூட உண்டு. தென்றலின் மகளுக்குப் போட்ட ஊசி எல்1 புரதத்தால் செய்த வெறும் ஓடு. அதனால் உண்டாகும் எதிர்ப்பொருள் 16இன் எல்லாக் கிளைகளையும் பிடிக்கிறது. கவலை வேண்டாம்.

குறுக்குச்சால் எழுதியது:

ஒரு சந்தேகம் ஐயா. ஓர் எழுத்து மாற ஆயிரக்கணக்கான வருடம் என்கிறீர்கள். ஆனால் ஹெச்பிவி 16ஐ ஆயிரக்கணக்கான பெண்களிடம் எடுத்துப் படித்தபோது ஆளுக்கு ஒரு வரிசை மாதிரி வந்தது என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்?

சோதனைக்குழாய் எழுதியது:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள், தம்பி. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

நீங்கள் சொல்வது 2017ல் வந்த ஆய்வு. 5,570 மாதிரிகள், ஒவ்வொன்றிலும் 16இன் முழு வரிசை. ஒரு பக்கம் புற்றுநோயும் அதற்கு முந்தைய நிலையும் உள்ளவர்கள், இன்னொரு பக்கம் தொற்று மட்டும் உள்ளவர்கள். வரிசைகள் ஆயிரக்கணக்கில் வேறுபட்டன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஓரிருவரிடம் மட்டும் தென்பட்ட அரிய மாற்றங்கள். அவை வம்சம் தழைப்பதில்லை, அந்தத் தொற்றோடு முடிகிறவை. நான் சொன்ன கணக்கு தழைத்தவற்றின் கணக்கு. காட்டில் முளைக்கிற விதை வேறு, மரமாகி நிற்பது வேறு.

இப்போது சுவாரசியமான பகுதி. இ7 என்று ஒரு மரபணு. 98 அமினோ அமிலம் மட்டுமே உள்ள குட்டிப் புரதம். செல் பிரிவதைத் தடுத்துப் பிடித்திருக்கும் ஆர்பி என்ற புரதத்தை இது கட்டிப்போட்டு விடும். இதன் கூட்டாளி இ6, பி53 என்ற காவல் புரதத்தைச் சிதைக்கும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இந்த ஜோடிதான் மூலம். பிள்ளைவாள் சொல்வது போல “மாறி வீரியமாவது” உண்மையென்றால் புற்றுக் கட்டிகளில் இ7 விதவிதமாக மாறியிருக்க வேண்டும். நேர் எதிர். தொற்று மட்டும் உள்ளவர்களிடம் இ7இல் விதவிதமான மாற்றங்கள். புற்றுநோய் வந்தவர்களிடம் அப்படியே அச்சு மாறாத இ7. உலகின் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த கட்டிகளிலும் அதே கதை.

மாறின இ7 புற்றுநோய் வரை போய்ச் சேரவில்லை. மாறாத இ7தான் போய்ச் சேர்ந்தது.

அந்த அரிய மாற்றங்கள் எங்கிருந்து வந்தன என்றால், நிறைய நம் கைவரிசை. ஏபோபெக்3 என்று நம் செல்லில் ஒரு நொதிக் குடும்பம். வைரஸின் டிஎன்ஏவில் சி எழுத்தைக் கெடுத்து டி (T) ஆக்கிவிடும், ஒரு மாதிரி நாசவேலை. 16இல் இந்த வகைத் தழும்புகள் அதிகம் உள்ள தொற்றுகள் தானாகவே நீங்கிவிடும் சாத்தியம் கூடுதல் என்று 2020ல் ஓர் ஆய்வு காட்டியது. நாம் மாற்றுகிறோம், அது தோற்கிறது. ரிப்போர்ட்டில் “மியூட்டேஷன்” என்ற சொல்லைப் பார்த்ததும் வயிறு கலங்குகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சரி, ஹெச்பிவியில் தோற்றேன். ஆனால் ஹெபடைடிஸ் பி? அதுவும் டிஎன்ஏதானே? அதில் மியூட்டேஷன் வந்தால் ஈரல் புற்றுநோய் என்று நூறு கட்டுரை இருக்கிறது. ஊசியை ஏய்க்கும் திரிபும் உண்டு என்று படித்திருக்கிறேன்.

நெடுநாள்_பி எழுதியது:

இதில் நான் பேசலாம், பேச உரிமை இருக்கிறது. பிறந்ததிலிருந்தே பி வைரஸோடு குடித்தனம் நடத்துகிறவன். முப்பத்திரண்டு வயதில் “இ ஆன்டிஜென் நெகட்டிவ் ஆகிவிட்டது, வைரஸ் அடங்கிவிட்டது, இனி வர வேண்டாம்” என்று ஒரு மருத்துவர் கை குலுக்கி அனுப்பினார். இ ஆன்டிஜென் என்பது வைரஸ் பெருகும்போது ரத்தத்தில் விடுகிற ஒரு புரதம். இனிப்பு வாங்கிக் கொடுத்தேன் வீட்டில். ஐந்து வருடம் யாரிடமும் போகவில்லை. பிறகு வேறு ஏதோ காரணத்துக்கு ரத்தம் எடுத்தபோது ஈரல் நொதிகள் எகிறி இருந்தன, வைரஸ் அளவு லட்சக்கணக்கில். இ ஆன்டிஜென் அப்போதும் நெகட்டிவ்தான். அடங்கவே இல்லை, அடையாளத்தை மட்டும் மறைத்துக்கொண்டது. ப்ரீகோர் திரிபு என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். இப்போது டெனோஃபோவிர் சாப்பிடுகிறேன், ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். நலம்.

ஆக, மாறாததுதான் ஆபத்து என்று சோதனைக்குழாய் சொல்வதை அப்படியே பி வைரஸுக்குப் பொருத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சோதனைக்குழாய் எழுதியது:

பொருத்தவில்லை அண்ணா, பொருந்தாது. உங்கள் கதையே சான்று.

பி வைரஸ் டிஎன்ஏ என்று பெயருக்குத்தான். நகலெடுக்கும்போது நடுவில் ஆர்என்ஏவாகி, அதிலிருந்து திரும்ப டிஎன்ஏவாகும். அதைச் செய்கிற சொந்த நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. போதாததற்கு ஒரு நாளில் கோடிக்கணக்கில் நகல். தொகுதி வெறும் 3,200 எழுத்துதான், அதில் மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கின்றன. ஊசியில் உள்ள எஸ் புரதத்தின் மரபணு முழுக்க முழுக்க அந்த நகல் நொதியின் மரபணுவுக்கு உள்ளே கிடக்கிறது. ஓர் எழுத்தைத் தொட்டால் இரண்டு புரதம் மாறலாம்.

உங்கள் உடம்பில் நடந்ததை எழுத்து எழுத்தாகவே சொல்கிறேன். இடம் 1896. அங்கே இருக்க வேண்டியது ஜி. டி-ஜி-ஜி (TGG) என்ற மூன்றெழுத்து, டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்துக்கான குறி. ஜி போய் ஏ வந்தால் டி-ஏ-ஜி (TAG). அது “இத்தோடு நிறுத்து” என்ற குறி. இ ஆன்டிஜென் பாதியில் நின்றுபோகும். வைரஸோ ஜாம் ஜாமென்று பெருகும், ஏனென்றால் அதற்குத் தேவையான கோர் புரதம் அந்தப் புள்ளிக்குக் கொஞ்சம் தள்ளித் தொடங்குகிறது. 1989லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதை நான் திரையில் பார்த்திருக்கிறேன். வரிசை படிக்கும் கருவி ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிற முகடு வரையும், ஜிக்குக் கறுப்பு, ஏக்குப் பச்சை. ஒருவரின் ரத்தத்தில் 1896க்கு வந்ததும் கறுப்பு முகட்டின் அடியில் சின்னதாக ஒரு பச்சை மேடு. இரண்டு வருடம் கழித்து அதே ஆளின் ரத்தத்தில் இரண்டும் சரிசமம். அடுத்த தடவை பச்சை மட்டும். ஒரே ஆளுக்குள் ஒரு வைரஸ் இன்னொன்றை ஓரம்கட்டுவதை இப்படித்தான் கண்ணால் பார்க்க முடியும். (முதல் தடவை பார்த்தபோது கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி ஓட்டினேன்.)

இதிலும் ஒரு வேடிக்கை. இந்த மாற்றம் எல்லா ஜீனோடைப்பிலும் (பி வைரஸின் ஏ, பி, சி, டி போன்ற மரபு வகைகள்) ஒரே மாதிரி வராது. அந்த இடத்தில் வைரஸின் ஆர்என்ஏ கொண்டை ஊசி போல மடிகிறது, 1896 எதிரே இருக்கும் 1858உடன் ஜோடி சேர வேண்டும். ஏ ஜீனோடைப்பில் 1858 பெரும்பாலும் சி. சியும் ஜியும் நல்ல ஜோடி. ஜி போய் ஏ வந்தால் மடிப்பு தளர்ந்துவிடும், வைரஸுக்கே கஷ்டம். பி, டி (D) ஜீனோடைப்புகளில் 1858இல் இருக்கும் எழுத்து டி (T), அங்கே ஏ வந்தால் ஜோடி இன்னும் பலப்படும். அதனால்தான் உங்கள் கதை டி ஜீனோடைப்காரர்களிடம் சகஜம், ஏகாரர்களிடம் அபூர்வம்.

கல்மரம் எழுதியது:

ஒரு திருத்தம், சோதனைக்குழாய். படிக்கிறவர்கள் 1896 மாற்றமே புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈரல் புற்றுநோயோடு நன்றாக ஒட்டி வருவது 1762, 1764 என்ற பக்கத்துப் பக்கத்து இரண்டு இடங்களின் இரட்டை மாற்றம். தைவானில் பி வைரஸ் உள்ளவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ரிவீல் ஆய்வில் ஆபத்தைக் கூட்டியவை சி ஜீனோடைப்பும் இந்த இரட்டை மாற்றமும். 1896 மாற்றம் அந்த ஆய்வில் ஆபத்தைக் கூட்டவில்லை, குறைவாகவே காட்டியது. நெடுநாள் அண்ணாவுக்கு ஆபத்து அந்த எழுத்தால் இல்லை, ஐந்து வருடம் யாரும் வைரஸ் அளவைப் பார்க்காததால்.

அப்புறம் கணக்குப்பிள்ளைக்கு. ஊசியை ஏய்க்கும் திரிபு இருப்பது உண்மை. எஸ் புரதத்தில் 145ஆவது இடத்தில் கிளைசின் போய் ஆர்ஜினின். 1990ல் இத்தாலியில், ஊசி போட்டும் தொற்று வந்த குழந்தையிடம் பார்த்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அது உலகத்தைப் பிடிக்கவில்லை. தைவான் 1984ல் பிறந்த குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கியது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஈரல் புற்றுநோய் ஒரு லட்சத்துக்கு 0.70 என்று இருந்தது 1990-94க்குள் 0.36 ஆனது. திரிபு இருப்பது ஒரு செய்தி, திரிபு ஜெயிப்பது இன்னொரு செய்தி.

கணக்குப்பிள்ளை எழுதியது:

145ஐ நானே சொல்ல வைத்திருந்தேன், முந்திக்கொண்டீர்கள். சரி, ஊசி விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். அந்தப் பத்து வருட ஜோசியத்தையும் அழித்துவிடுங்கள்.

குறுக்குச்சால் எழுதியது:

இன்னொரு குறுக்குக் கேள்வி. சி ஜீனோடைப் மோசம், டி2 மோசம் என்கிறோம். ஆனால் இந்தக் கிளைகள் எல்லாம் மனிதக் கூட்டங்களோடேயே நகர்ந்தவை. ஒரு கிளை ஓர் இனத்தாரிடம் மட்டும் அதிகம் என்றால், குற்றம் வைரஸுடையதா அந்த மக்களின் மரபணுவுடையதா என்று எப்படிப் பிரிப்பது?

கல்மரம் எழுதியது:

பாதிக் கட்டுரைகள் தடுக்கி விழுகிற இடம் இது. அமெரிக்காவில் ஓர் ஆய்வு: ஹெச்பிவி 16, 18இன் ஆப்பிரிக்கக் கிளைகள் கறுப்பினப் பெண்களிடம் நீண்ட நாள் தங்கின, ஐரோப்பியக் கிளைகள் வெள்ளையினப் பெண்களிடம் நீண்ட நாள் தங்கின. ஆக “மோசமான கிளை” என்று தனியாக ஒன்று இல்லை, யாரிடம் போய் உட்கார்ந்தது என்பதும் சேர்ந்துதான். பிரித்துப் பார்க்க ஒரே வழி, ஒரே மக்கள் கூட்டத்துக்குள் நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிடுவது.

எப்ஸ்டீன்-பார் வைரஸில் இதற்கு நல்ல உதாரணம், கெட்ட உதாரணம் இரண்டும் உண்டு. பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அதைச் சுமக்கிறோம், ஆனால் மூக்குக்குப் பின்னால் தொண்டையில் வரும் புற்றுநோய் தென் சீனாவில் மட்டும் அத்தனை அதிகம். எல்எம்பி1 என்ற மரபணுவில் 30 எழுத்து காணாமல் போன திரிபைக் கட்டிகளில் பார்த்துவிட்டு, குற்றவாளி கிடைத்தான் என்று கொண்டாடினார்கள். பிறகு பார்த்தால் அதே வட்டாரத்தில் நோயே இல்லாதவர்களிடமும் அது தாராளமாக இருந்தது. அந்த ஊர் வைரஸின் முகமே அதுதான். 2019ல் தென் சீனாவுக்குள்ளேயே நோயாளிகளையும் மற்றவர்களையும் வைத்து முழு வரிசைகளை ஒப்பிட்டபோதுதான் பிஏஎல்எஃப்2 என்ற மரபணுவின் திரிபுகள் மேலே வந்தன. அங்குள்ள ஆபத்தில் 83 சதவீதம் அவற்றோடு சேர்ந்தது என்று அவர்கள் கணக்கு.

இதையும் சொல்லியாக வேண்டும்: 1984ல் முதன்முதலாகப் படித்த எப்ஸ்டீன்-பார் வரிசையில் சுமார் 12,000 எழுத்துகள் இல்லை. ஆய்வகத்தில் வளர்த்த அந்த வைரஸ் வழியில் எங்கோ அவற்றைத் தொலைத்திருந்தது. ஒப்பிடும் அளவுகோலே ஒரு முனை உடைந்த கோல்.

சோதனைக்குழாய் எழுதியது:

மெர்க்கல் செல் வைரஸை விட்டுவிட்டோமே. 2008ல் கண்டுபிடித்த பாலியோமா வைரஸ், மெர்க்கல் செல் புற்றுநோய் என்ற அபூர்வத் தோல் புற்றுநோயில் சுமார் 80 சதவீதத்தில் இருக்கிறது. அது நம் தோலில் சாதுவாக வாழ்கிற ஆள். கட்டிக்குள் இருக்கும் வைரஸை மட்டும் படித்தால், அதன் “பெரிய டி (T)” என்ற புரதத்தின் பின்பாதி எப்போதும் வெட்டுப்பட்டிருக்கும். நகலெடுக்க வேண்டிய பாகம் போய்விட்டது, ஆர்பியைப் பிடிக்கும் பாகம் மட்டும் பத்திரம். அதாவது வைரஸாக அது செத்துவிட்டது. இனி யாருக்கும் பரவாது. ஹெச்பிவியும் பல கட்டிகளில் நம் குரோமோசோமுக்குள் ஒட்டிக்கொள்ளும்போது இ2 மரபணு உடையும், மற்ற பாகங்கள் தொலையும், இ6, இ7 மட்டும் தங்கும். புற்றுநோயால் வைரஸுக்கு ஒரு லாபமும் இல்லை, முட்டுச்சந்து. அதனால் புற்றுநோய் உண்டாக்கவென்று அது “மாறி வீரியமாக” ஒரு காரணமே இல்லை, பிள்ளைவாள்.

தென்றல்07 எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பாதிதான் புரிந்தது, அந்தப் பாதியே போதும். கால்போஸ்கோப்பிக்கு வியாழக்கிழமை நேரம் வாங்கிவிட்டோம். எந்த 16 என்று கேட்கப் போவதில்லை.

ஆனால் மேலே ஒன்று உறுத்துகிறது. ஒட்டிக்கொள்ளும்போது மற்ற பாகங்கள் தொலையலாம் என்றால், தொலைந்த பாகத்தைத் தேடுகிற பரிசோதனை ஏமாந்துவிடாதா? அக்கா ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் “இலக்கு: எல்1” என்று இருக்கிறது.

சோதனைக்குழாய் எழுதியது:

கெட்டிக்காரி. எங்கள் வேலையில் இருக்கிறவர்களே தாமதமாகக் கேட்கிற கேள்வி இது. ஆமாம், எல்1ஐ மட்டும் தேடினால் சில கட்டிகளில் அபூர்வமாகத் தப்பலாம், அதனால்தான் சில பரிசோதனைகள் இ6, இ7ஐத் தேடுகின்றன. ஆனால் அது நெகட்டிவ் வந்தவர்களின் கவலை. உங்கள் அக்காவுக்கு எல்1 தேடி எல்1 கிடைத்திருக்கிறது. வியாழக்கிழமை போய்விட்டு வந்து சொல்லுங்கள்.